மலாக்காவில் பிறந்தவர், தம்பினில் பிறந்தவர்: தோட்டத் தமிழர் குடியுரிமை பெற்ற வழி

புலாவ் செபாங் இரயில் நிலையத்தில் இறங்கியிருக்கிறீர்களா? அந்த நிலையத்துக்குப் புலாவ் செபாங், தம்பின் என்று இரண்டு பெயரும் சேர்ந்தே வழங்கும். நிலையம் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. பக்கத்திலேயே இருக்கும் தம்பின் பட்டணமோ நெகிரி செம்பிலான். கடைக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் ஒரு நாளில் நாலு முறை அந்த எல்லையைத் தாண்டுவார்கள், யாரும் கவனிப்பதில்லை. ஆனால் 1930-களில் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்ட லயத்தில் பிறந்த தமிழ்க் குழந்தையையும் அந்தப் பக்கம் பிறந்த தமிழ்க் குழந்தையையும் சட்டம் ஒன்றாகப் பார்க்கவில்லை. இருவரின் பெற்றோரும் ஒரே கப்பலில் வந்தவர்களாக இருக்கலாம். ஒரே கங்காணியின் ஆளாகக்கூட இருந்திருக்கலாம். இருந்தும் 20 வருஷம் கழித்து "நீ இந்த நாட்டுப் பிரஜையா?" என்று கேட்டபோது, ஒருவருக்குப் பதில் சுலபமாக இருந்தது, மற்றவருக்கு அவ்வளவு சுலபமாக இல்லை.

வரலாற்றுப் பாடத்தில் மலாயன் யூனியன், 1948 கூட்டரசு உடன்படிக்கை, ரீட் ஆணையம் மூன்றையும் மாணவர்கள் தனித்தனிப் பெட்டிகளாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் தங்கள் பாட்டியின் அடையாள அட்டை ஏன் சிவப்பாக இருந்தது என்று கேட்டால் பதில் வராது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் மலாக்காவின் தனி நிலையைப் புரிஞ்சுக்குங்க. 1824-ஆம் ஆண்டு ஆங்கிலேய–டச்சு உடன்படிக்கைக்குப் பிறகு மலாக்கா பிரிட்டிஷாரின் கைக்கு வந்தது. 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்களாயின; 1867 முதல் நேரடி முடியாட்சிக் காலனி. காலனி மண்ணில் பிறந்தவர் எந்த இனத்தவரானாலும், பெற்றோர் எங்கிருந்து வந்தவரானாலும், பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. இதைத்தான் பாடநூல் 'ஜுஸ் சோலி' என்கிறது: பிறந்த மண்ணை வைத்து வரும் உரிமை. நெகிரி செம்பிலானும் ஜொகூரும் அப்படி அல்ல. அவை பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த மலாய் மாநிலங்கள். அங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு மண்ணால் எந்த உரிமையும் வராது. அப்பா சென்னை மாகாணத்தில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜை என்பதால் அந்தப் பெயர் பிள்ளைக்கும் ஒட்டும். பேரன் காலத்தில் அதுவும் தேய்ந்துவிடும்.

ஆக, புக்கிட் லிந்தாங்கிலோ கெமுனிங்கிலோ ஜாசின் பக்கத்து டைமண்ட் ஜூபிலி தோட்டத்திலோ பிறந்தவருக்கு, கெசாங் ஆற்றைத் தாண்டி ஜொகூரில் பிறந்த சொந்தக்காரரைவிடச் சட்டத்தில் ஒரு படி மேலான இடம். அவருக்கு அது தெரியாது என்பதுதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. பால்மரம் வெட்ட யாரும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் கை தூக்க வேண்டும், அவ்வளவே. கிராணியின் செக்ரோலில் பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். 'ரஜூலா' கப்பலில் ஊருக்குப் போய் ஒரு வருஷம், இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்புவதும் சகஜம். 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்கள் கப்பலேறுவதைத் தடை செய்தபோது இந்தப் போக்குவரத்து சுருங்கியது. பிறகு ஜப்பானியர் காலம். சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்களோடு குடும்பத்தின் ஞாபகமும் போனது: யார் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டு பிறந்தார்கள் என்ற ஞாபகம்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கொண்டுவந்த மலாயன் யூனியன் 1946 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவருக்கும், குறிப்பிட்ட காலம் வாழ்ந்தவருக்கும் தாராளமாகக் குடியுரிமை தருவது அதன் திட்டம். தேர்வு மாணவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மலாயன் யூனியன் அமைந்தது உண்மை, ஆனால் அதன் குடியுரிமை விதிகள் நடைமுறைக்கு வரவே இல்லை. மலாய் மக்களின் கடும் எதிர்ப்பால் அவை ஒத்திவைக்கப்பட்டு, பின்பு கைவிடப்பட்டன. 'மலாயன் யூனியனில் இந்தியர்கள் குடியுரிமை பெற்றார்கள்' என்று எழுதினால் அது பிழை.

மலாய்க்காரர்களின் எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. சுல்தான்களின் இறைமையைப் பறித்துக்கொண்டு, நேற்று வந்தவர்க்கும் சமமான இடம் என்று லண்டனில் எழுதிய திட்டம் அது. நம்மவர்கள் பக்கமோ, இந்தியா விடுதலையாகப் போகிறது என்ற பரபரப்பில் இருந்தது. எது தன் நாடு என்று தோட்டத்துத் தொழிலாளி இன்னும் முடிவு செய்யாத நேரம். குடியுரிமை வாசல் முதன்முதலில் திறந்தபோது அதற்காகப் போராட நம்மிடம் பெரிய கூட்டம் இல்லை.

1948 பிப்ரவரி 1-இல் மலாயாக் கூட்டரசு பிறந்தது. அதன் உடன்படிக்கையில் குடியுரிமை இரண்டு வகை: தானாக வருவது, விண்ணப்பித்துப் பெறுவது. எல்லைக்கோடு கனமாகிப்போனது இங்கேதான். மலாக்காவிலோ பினாங்கிலோ பிறந்து, கூட்டரசில் நிரந்தரமாக வசித்த பிரிட்டிஷ் பிரஜைக்குக் குடியுரிமை தானாக வந்தது. மலாய் மாநிலத்தில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜை என்றால், அவருடைய அப்பாவும் மலாயாவில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடர்ந்து 15 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இந்த வழிகளில் வராதவர்கள் மனுப் போட வேண்டும். இங்கே பிறந்தவர் முந்தைய 12 ஆண்டில் 8 ஆண்டும், வெளியில் பிறந்தவர் 20 ஆண்டில் 15 ஆண்டும் வசித்ததைக் காட்ட வேண்டும். மலாயோ ஆங்கிலமோ போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். நல்ல நடத்தைக்கு உத்தரவாதம் வேண்டும். நிரந்தரமாக இங்கேயே இருப்பேன் என்று உறுதிமொழியும் தர வேண்டும்.

இந்த நிபந்தனைகளைத் தோட்டத்து மனிதரின் கண்ணால் பாருங்க. 'தொடர்ந்து 15 ஆண்டு' என்றால், தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்வந்ததை என்ன செய்வது? தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவரின் வசிப்புக்கு யார் சாட்சி? தமிழ் மட்டும் பேசி, லயத்துக்கும் பால்மரக்காட்டுக்கும் கோயிலுக்கும் நடுவிலேயே வாழ்ந்தவருக்கு மலாய் எங்கிருந்து வரும்? சட்டம் கதவை முழுசாகச் சாத்தவில்லை. சாவி மட்டும் தோட்டத்தில் கிடைக்காத சாவியாக இருந்தது.

இந்த உடன்படிக்கையை எதிர்த்த முதல் பெரிய கூட்டணியில் மலாக்காவுக்கு முக்கிய இடம் உண்டு. அனைத்து மலாயாக் கூட்டு நடவடிக்கை மன்றத்தின் தலைவர் டான் செங் லோக், 1883-இல் மலாக்காவில் பிறந்தவர். அந்த மன்றத்தில் ம.இ.கா.வும் சேர்ந்திருந்தது. 1946-இல் ம.இ.கா.வைத் தொடங்கி அதன் முதல் தலைவரான ஜான் திவி ஒரு வழக்கறிஞர். இந்த மன்றமும், மலாய் இடதுசாரி அமைப்புகளின் 'புத்ரா' கூட்டணியும் சேர்ந்து ஒரு மக்கள் அரசியலமைப்பை 1947-இல் முன்வைத்தன. அந்த ஆண்டு அக்டோபர் 20-இல் நாடு தழுவிய ஹர்த்தாலும் நடந்தது. கடைகள் மூடின, வேலை நின்றது. பிரிட்டிஷார் அசையவில்லை.

அதே 1948-இல் இலங்கையில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம் கதையின் கனம் தெரியும். அங்கே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களை இரு அரசுகளும் பங்கு பிரித்தன. அங்கே மிச்சமிருந்த சிக்கல் தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் அப்படி மொத்தமாக யாரையும் வெளியே தள்ளவில்லை. இங்கே இழப்பு சில்லறையாக நடந்தது. ஒவ்வொரு குடும்பமாக, ஒவ்வொரு காகிதமாக. அதனாலோ என்னவோ, அது வரலாற்று நூல்களில் அதிகம் ஏறவில்லை.

மலாயாவில் கதவு படிப்படியாக அகலமானது. 1949-இல் அமைந்த சமூகங்களின் தொடர்புக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் துரைசிங்கம், யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளி வழக்கறிஞர். இனத் தலைவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பேசிய அந்தக் குழுவின் யோசனைகள் சேர்ந்து, 1952 செப்டம்பர் 15-இல் புதிய விதிகள் வந்தன. மலாக்காவில் பிறந்த காலனிப் பிரஜை இப்போது சிக்கலில்லாமல் கூட்டரசுக் குடிமகன். தம்பினில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது மலாயாவில் பிறந்திருக்க வேண்டும். இடைவெளி குறைந்தது, மறையவில்லை.

1956 பிப்ரவரி 20-இல் துங்கு அப்துல் ரஹ்மான் லண்டனிலிருந்து திரும்பி, சுதந்திரத் தேதியை அறிவிக்கத் தேர்ந்தெடுத்த இடம் மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடல். அதே ஆண்டு ரீட் ஆணையம் வந்தது. ஐந்து பேர் கொண்ட அந்த ஆணையத்தில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மாலிக் என்பவரும் இருந்தார். 131 மனுக்களைப் பெற்று, 1957-இல் அறிக்கை தந்தது. இறுதி ஏற்பாடு இப்படி அமைந்தது: ஏற்கெனவே கூட்டரசுக் குடிமகனாக இருந்தவர் அப்படியே தொடர்வார். 1957 ஆகஸ்ட் 31 முதல் இந்த மண்ணில் பிறக்கும் எந்தப் பிள்ளையும் பிறப்பால் குடிமகன். அதற்கு முன் இங்கே பிறந்தவர் 7 ஆண்டில் 5 ஆண்டு வசித்திருந்தால் பதிந்துகொள்ளலாம். வெளிநாட்டில் பிறந்து இங்கே வாழ்பவருக்கு 12 ஆண்டில் 8 ஆண்டு. மலாய் மொழி அடிப்படையாகத் தெரிய வேண்டும். ஆனால் ஓராண்டுச் சலுகை உண்டு. அந்த ஓராண்டுக்குள் மனுச் செய்தால், இங்கே பிறந்தவருக்கு மொழித் தேர்வு கிடையாது. வெளியில் பிறந்தவரில் 45 வயதைத் தாண்டியவருக்கும் கிடையாது.

என் பார்வையில் மலாயாத் தமிழர் வரலாற்றின் மிக முக்கியமான 12 மாதங்கள் அவை. தேர்தலையும் தலைவர்களையும் பற்றி எழுதும் அளவுக்கு இதைப் பற்றி நாம் எழுதியதில்லை. 1957 ஆகஸ்ட் முதல் 1958 ஆகஸ்ட் வரை நாடு முழுவதும் இலட்சக்கணக்கானோர் பதிந்துகொண்டார்கள். சம்பந்தன் தலைமையிலான ம.இ.கா. கிளைகள் பதியச் சொல்லி வேண்டுகோள் விடுத்தன. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அப்போது ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் கால் ஊன்றிவந்தது. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள் என்ற இரு வழக்கறிஞர்கள், சம குடியுரிமையைத் தங்கள் கட்சியின் முதல் குரலாக்கினார்கள்.

ஆனால் பாரத்தை யார் நிரப்பியது? தலைவர் மேடையில் பேசிவிட்டுக் காரில் போய்விடுவார். மறுநாள் பாரமும் கையுமாக நிற்கும் தொழிலாளிக்கு எழுதிக் கொடுக்கத் தோட்டத்தில் இரண்டு மூன்று பேர்தான்: கிராணி, சங்கச் செயலாளர், தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த அதே கை. கிராணியிடம் போகத் தயங்குகிறவர்கள் வாத்தியாரிடம் போவார்கள். துரையின் ஆள் அல்லவே அவர். வேலை சின்னது போலத் தெரியும், சின்னதல்ல. பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுவது? அடையாள அட்டையில் ஒன்று, பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, செக்ரோலில் ஒன்று. அப்பா பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே? பிறந்த தேதி 'அந்தப் பெரிய வெள்ளம் வந்த வருஷம்' என்றால் எந்த ஆண்டைப் போடுவது? அன்று எழுதிய ஓர் எழுத்துப் பிழை, 50 ஆண்டு கழித்துப் பேரனின் விண்ணப்பத்தில் வந்து நிற்கும்.

பதியாமல் விட்டவர்களும் ஏராளம். சோம்பலால் என்று சொல்லிவிடாதீங்க. பட்டணத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பிரஜாவுரிமை எடுத்தால் ஊருக்குத் திரும்ப முடியாது, ஊரில் இருக்கும் கால் காணி நிலம் போய்விடும் என்ற பயம். வயதான காலத்தில் சொந்த மண்ணில் கண்ணை மூட வேண்டும் என்ற ஆசை. நேரு, கடல் கடந்த இந்தியர்கள் வாழும் நாட்டோடு ஒன்றிவிட வேண்டும் என்றே வற்புறுத்தினார். அந்தப் பேச்சு லயத்து வாசல்வரை வந்து சேர்ந்ததா என்பது வேறு விஷயம். வேலைக்கு அன்றைக்கும் பத்திரம் தேவைப்படவில்லை. சிவப்பு அட்டைக்காரரும் நீல அட்டைக்காரரும் ஒரே நிரையில்தான் மரம் வெட்டினார்கள்.

பத்திரத்தின் விலை 1969-இல் தெரிந்தது. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றானது. 30 ஆண்டு, 40 ஆண்டு இந்த நாட்டுப் பால்மரத்தோடு வாழ்ந்தவர்கள் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். பிள்ளைகளில் சிலரை இங்கே விட்டு, சிலரைக் கூட்டிக்கொண்டு போன குடும்பங்கள் உண்டு. தமிழ்நாட்டில் உங்கள் மாணவர் யாருக்காவது 'மலேசியாக்காரர் வீடு' என்று அழைக்கப்படும் சொந்தக்காரர் வீடு இருந்தால், அந்த வீட்டுக் கதை பெரும்பாலும் இந்த ஆண்டில்தான் தொடங்கும்.

அதற்கு முன்பே இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருந்தது. மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற விதி 1962 அக்டோபரோடு முடிந்தது. அதன் பிறகு பிறந்த பிள்ளைக்கு, பிறக்கும் நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருக்க வேண்டும். மெர்டேக்காவுக்கும் 1962 அக்டோபருக்கும் இடைப்பட்ட அந்த ஐந்து வருஷத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் முழுமையான ஜுஸ் சோலி கிடைத்தது. கட்டுரைக் கேள்வியில் இந்த ஐந்தாண்டைச் சுட்டிக்காட்டுகிற மாணவர் தனித்துத் தெரிவார்.

நிரந்தர வசிப்பாளர் என்ற சொல் சட்டத்தில் இருந்ததால் சிவப்பு அட்டைக்காரரின் பிள்ளை தப்பித்தது. அப்படியானால் இன்றும் நம் பள்ளிகளில் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் எப்படி வருகிறார்கள்? இதற்குப் பதில் பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கிறது.

ஒன்று, பிறப்பே பதியப்படாதது. 1950, 60-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் சிதறின. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்ததே அதைத் தடுக்கத்தான். தோட்டம் கைமாறினால் செக்ரோலும் மருந்தகப் பதிவேடும் எங்கே போகும்? இன்னொன்று, தத்து. சொந்தத்தில் பிள்ளையில்லாதவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். வளர்ப்பு அப்பா அம்மா குடிமக்கள் என்பதால் மட்டும் பிள்ளை குடிமகனாகிவிடாது. பெற்றவர் யார் என்று சட்டம் கேட்கும்.

மூன்றாவது, ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது: திருமணப் பதிவு. 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் தாலி கட்டியது சட்டப்படியும் கல்யாணம்தான். அதன் பிறகு பதிவும் வேண்டும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அப்பா நீல அட்டைக்காரர், அலோர் காஜாவில் பிறந்தவர். அம்மாவுக்கோ பிறப்புப் பத்திரமே இல்லை. ஊர் கூடி, மேளம் கொட்டி, மாரியம்மன் கோயிலில் கல்யாணம். பதிவு மட்டும் இல்லை. பிறக்கும் பிள்ளை சட்டத்தின் பார்வையில் மணவுறவுக்கு வெளியே பிறந்தது. அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பகுதி, 17-ஆம் பிரிவின்படி, அப்படிப்பட்ட பிள்ளைக்குப் 'பெற்றோர்' என்றால் தாய் மட்டுமே. தாய்க்குப் பத்திரம் இல்லை. ஆகவே பிள்ளைக்கும் இல்லை. அப்பாவின் நீல அட்டை பக்கத்திலேயே இருந்தும் பயன் இல்லை. பின்னால் ஓடிப்போய்ப் பதிந்தாலும், பிறந்த நேரத்து நிலைதான் கணக்கு. வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில் 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற வாக்கில் தீர்ப்பளித்தபோதும், பெரும்பான்மை நீதிபதிகள் அந்தப் பக்கமே நின்றார்கள்.

வழக்கறிஞர்களின் வேலை இந்த இடத்தில் சிக்கலாகிறது. 21 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிறப்புச் சூழ்நிலையில் குடிமகனாகப் பதிய 15A என்ற விதி அரசுக்கு அதிகாரம் தருகிறது. பெரும்பாலான குடும்பங்கள் முதலில் அந்த வழியில்தான் போகின்றன. வருஷக்கணக்கில் காத்திருப்பு, சில நேரம் 'நிராகரிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரிக் கடிதம். காரணம் இருக்காது. அந்த முடிவை எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடோ மறுஆய்வோ செய்ய முடியாது என்று அரசியலமைப்பே எழுதி வைத்திருக்கிறது. அதனால்தான் வழக்கறிஞர்கள் வேறு கதவைத் தட்டுகிறார்கள்: "குடியுரிமை கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, 14-ஆம் விதிப்படி இந்தப் பிள்ளை பிறந்தபோதே குடிமகன், அதை ஒப்புக்கொள்ளுங்கள்" என்பது அவர்கள் வாதம். இந்த மண்ணில் பிறந்து வேறு எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாத பிள்ளை குடிமகன் என்று சொல்லும் ஒரு பிரிவு அட்டவணையில் இருக்கிறது. பெற்றவர் யாரென்றே தெரியாமல் கைவிடப்பட்டு, தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளையின் வழக்கில், 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிள்ளை குடிமகன் என்றே தீர்ப்பளித்தது.

ஆனால் நூற்றில் எத்தனை பேர் நீதிமன்றம் போவார்கள்? மற்றவர்களுக்குத் தொண்டர்கள்தான். 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்ற அரசாங்க இயக்கம், பத்திரமில்லாத இந்தியர்களைத் தேடிப் பதிந்தது. டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா என்ற அரசு சாரா அமைப்பு, ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையத்தின் துணையோடு தீபகற்பத்தில் சுமார் 12,000 பேரைக் கண்டறிந்து, சட்டம் தெரிந்த ஊர்த் தொண்டர்களைப் பயிற்றுவித்து அவர்களின் கோப்புகளைத் தயாரித்தது. இந்தத் தொண்டர்கள் செய்வது, 1957-இல் வாத்தியார் செய்த அதே வேலைதான். பாட்டி எந்த ஆஸ்பத்திரியில் பெற்றாள் என்று கேட்பது, பிரசவம் பார்த்த கிழவியைத் தேடிப்போய்ச் சத்தியப் பிரமாணம் வாங்குவது, பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது. 2018-இல் 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தர அரசாங்கம் முடிவு செய்தது. 1958-இல் தவறவிட்ட ரயிலைச் சிலர் அறுபது வருஷம் கழித்துப் பிடித்தார்கள் என்று சொல்லலாம்.

இப்போது புதிய சட்டம். 2024 அக்டோபர் 17-இல் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தைப் பத்திரிகைகள், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்குக் கிடைத்த சம உரிமையாகக் கொண்டாடின. அது கொண்டாட வேண்டியதே. அதே திருத்தத்தில் இன்னொரு வரி இருக்கிறது. 'நிரந்தர வசிப்பாளர்' என்ற சொல்லை அட்டவணையிலிருந்து எடுத்துவிடும் வரி. அதன்படி இனி பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவே இருக்க வேண்டும். இருவருக்கும் சிவப்பு அட்டை என்றால் தானாகக் குடியுரிமை வராது. 1962-இலிருந்து தோட்டத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிவந்த சொல் அது. பதிவுக்கான வயது வரம்பையும் இந்தத் திருத்தம் 21-லிருந்து 18-ஆகக் குறைக்கிறது. தாமதமாக விழித்துக்கொள்ளும் குடும்பத்துக்கு மூன்று வருஷம் குறைகிறது என்று அர்த்தம்.

பள்ளியில் இதை முதலில் கண்டுபிடிப்பது யார் தெரியுமா? பெரும்பாலும் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியர். 12 வயதில் மைகாட் எடுக்கும்போதுதான் பல வீடுகளில் விஷயம் வெளியே வரும். ஆனால் ஒன்றாம் ஆண்டுச் சேர்க்கையிலேயே பிறப்புப் பத்திரத்தில் 'தாராஃப் கெவார்கநெகாராஆன்' என்ற வரி இருக்கிறது. அதில் 'புக்கான் வார்கநெகாரா' என்றோ, 'பெலும் டித்தெந்துக்கான்' என்றோ இருந்தால், பெற்றோரை அப்போதே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்க. மற்றப் பிள்ளைகள் முன்னால் வேண்டாம். அம்மாவின் பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, பாட்டி தாத்தாவின் அட்டை இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்க. உங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை, கறையான் தின்கிறது, இடம் இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீங்க. ஒரு பாட்டி 1955-இல் இந்த நாட்டில் இருந்தாள் என்பதற்கு அந்தப் பதிவேட்டு வரி ஒன்றே எழுத்துச் சாட்சியாக இருக்கக்கூடும்.

இடைநிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பு வேலை: மாணவர்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரின் பிறந்த இடத்தையும் ஆண்டையும் எழுதி வரட்டும். மலாக்கா, தம்பின், மூவார், நாகப்பட்டினம், எதுவாகவும் இருக்கலாம். அவருக்கு 1948-இல் தானாகக் குடியுரிமை வந்திருக்குமா, 1952-இல் வந்திருக்குமா, 1957-இல் மனுச் செய்ய வேண்டியிருந்திருக்குமா என்று மூன்று விதிகளையும் வைத்து அவர்களே முடிவு சொல்லட்டும். பிறகு அந்த மூத்தவரின் அட்டை என்ன நிறம் என்று கேளுங்க. விதிப்படி வந்திருக்க வேண்டிய நிறமும் கையில் இருக்கும் நிறமும் ஒத்துப்போகாத வீடு வகுப்பில் ஒன்றிரண்டு இருக்கும். அந்த வீட்டுப் பெற்றோரின் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க.